கூட வந்தவர்கள் வெளியே

அவர் பெயரை நான் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு முறையில் அவருக்கு நேர்ந்த கெடுதலே போதும் என்பதால் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வைட்ஃபீல்ட் பக்கத்தில் அவரிடம் போய்வந்த தமிழர்கள் 'நெட்டி மேடம்' என்பார்கள். அவருக்கு அந்தப் பெயர் துளியும் பிடிக்காது. "நெட்டி எடுக்கறது சலூன்லயும் எடுப்பாங்க. அதுக்கு நான் எதுக்கு?" என்று கேட்பார்.

பலகையில் கைரோபிராக்டர் என்று போட்டிருக்கும். முதலில் பிசியோதெரபி படித்து, அப்புறம் இதைத் தனியாகப் படித்தவர். கை வலி, கால் வலி என்று வருகிறவர்களின் கழுத்தையும் முதுகையும் இடுப்பையும் கையாலேயே அழுத்தித் திருப்பிச் சரிசெய்வது அவர் தொழில். யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் உடனே திருத்துவார். "நான் டாக்டர் இல்லீங்க. ஊசி போட மாட்டேன், மாத்திரை எழுத மாட்டேன். ரெண்டு கை இருக்கு, அவ்வளவுதான்."

அந்தக் கைகள் அவர் உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஆள் குள்ளம், ஒல்லி. நாற்பது வயதிருக்கும். கட்டைவிரல்கள் மட்டும் தச்சு வேலை செய்கிறவருக்கு இருப்பதுபோல் தடித்திருக்கும். யாரையும் தொடுவதற்கு முன்னால், பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கை சூடேறும்வரை கேள்வி கேட்பார். கேட்டு முடித்ததும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வருவார்.

அந்தக் கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது என்பதில்தான் அவரோடு எல்லோருக்கும் சண்டை.

என் வலது கையில் தோளிலிருந்து சுண்டுவிரல்வரை சுரீர் சுரீரென்று இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. மவுஸைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். ஆபீசில் ஒருத்தி சொல்லித்தான் அவரிடம் போனேன். அம்மாவும் கூட வந்தாள். அப்பா போனபிறகு ஆம்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து இருந்தாள். அவள் இருக்கிற இடத்தில் இன்னொருவர் வாய் திறப்பது கஷ்டம்.

"சொல்லுங்க, எப்படி வலிக்குது?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்புடறதே இல்ல மேடம்," என்றாள் அம்மா. "காலைல ஒரு காபி. அதோட லேப்டாப்ப மடில வச்சிக்கினு குந்துனா..."

"உங்களுக்கா வலிக்குது?"

"எனக்கில்ல, இவளுக்கு."

"அப்ப அவங்க சொல்லட்டும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

அம்மாவை ஒருவர் எழுப்பி வெளியே அனுப்பியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அவள் போன வேகத்தில் முந்தானை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. இவர் பொறுமையாக அதை விடுவித்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "அம்மா தப்பா எடுத்துப்பாங்க, பரவால்ல," என்றார். "கை உங்களுது. உங்க வாயால சொன்னாத்தான் எனக்குப் பிடிபடும்."

சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கு என் வலியைச் சொல்லத் தெரியாது என்று தெரிந்தது. 'வலிக்குது' என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அவர் விடவில்லை. குத்துகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "எப்ப வலிக்காம இருக்கு?" என்றார். அந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்பார் என்று பிறகு தெரிந்தது. யோசித்துப் பார்த்தேன். கையைத் தலைமேல் மடக்கிவைத்துப் படுத்தால் வலிப்பதில்லை. அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கழுத்துலருந்து வருது. கை பாவம், அது ஒண்ணும் பண்ணல," என்றார். ஆறேழு வாரத்தில் என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்குள் ஒரே ஒரு தடவைதான் கழுத்தில் 'டப்'பென்று சத்தம் வந்திருக்கும்.

"என்னையே வெளிய அனுப்பிட்டா பாரு," என்று அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அம்மா ஆட்டோவில் முனகினாள். மூன்றாவது வாரம் அவளே மசால் வடை சுட்டு டப்பாவில் எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். "திமிரு புடிச்சவதான். ஆனா நல்ல கை," என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

வெளியே மூன்று நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும். கூட வந்தவர்களுக்காகவே போட்டவை. அவற்றில் உட்கார்ந்து புழுங்கிய கணவர்களையும் மாமியார்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் மனைவியின் வலது முழங்காலைப் பற்றி என்னிடமே கால் மணி நேரம் விளக்கினார். கையில் எக்ஸ்ரே, ஃபைல் எல்லாம் இருந்தது. "நீவு சொல்ப ஹொரகடே கூத்கொளி சார்," என்று கன்னடத்தில் அவரையும் வெளியே உட்காரச் சொல்லியாயிற்று. உள்ளே பேச்சு முடிந்ததும் கதவு திறந்தது. "சார், வலி எடது கால்ல," என்றார் இவர். வலதுகால் வலி போன வருடமே சரியாகி, இப்போது வலிப்பது இடதுகாலாம். மேனேஜர் மனைவியிடம், ஏன் சொல்லவில்லை என்று கத்தினார். அந்த அம்மாள் நிதானமாக, "நீவு கேளலே இல்ல," என்றார். அவர் கேட்கவே இல்லையாம்.

இன்னொரு பையன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். எலும்பு சத்தம் போடுவதை வீடியோ எடுக்க வேண்டுமாம். வலி எங்கே என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறான். "சத்தந்தான் வேணும்னா கீழ கடைல முறுக்கு விக்குது, வாங்கிக் கடிங்க," என்று அனுப்பிவிட்டார்.

ஒரே ஒரு தடவை அவருடைய பிடிவாதத்தைப் பார்த்து எனக்கே எரிச்சல் வந்தது. பக்கவாதம் வந்து பேச்சுப் போன ஒரு பெரியவரை மகன் அழைத்துவந்திருந்தார். தோளில் வலி. மகன் நல்லவராகத்தான் தெரிந்தார். "அப்பாவால பேச முடியாதுங்க, நான் இல்லாம எப்படி?" என்று கெஞ்சினார். அவரையும் இவர் நாற்காலிக்கு அனுப்பினார். முக்கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை. நானும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இது என்ன வைத்தியம், வறட்டுப் பிடிவாதம் என்று எனக்கும் தோன்றியது. பிறகு வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். "கட்டில்லருந்து எழுப்பும்போது அந்தக் கையப் புடிச்சித் தூக்கறீங்க. அதான் வலி. இனிமே முதுகுல கை குடுத்துத் தூக்குங்க." தலையாட்டியும் விரலைக் காட்டியும் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். மகன் எதிரில் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்கும் புரிந்தது. மகன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஏன் இப்படி எல்லோரையும் விரட்டுகிறீர்கள் என்று அன்று கேட்டேன். சிரித்தார். "எங்க வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து எங்கப்பாதான் பேசுவாரு. யாராச்சும் வந்து சாப்பிட்டியாம்மான்னு என்னக் கேட்டா, சாப்பிட்டா சாப்பிட்டான்னு அவரே சொல்லிடுவாரு. நான் பசியோட நிப்பேன்," என்றார். அதற்குமேல் அவருடைய வீட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அல்சூர் பக்கம் ஜோகுபாளையத்திலிருந்து தினமும் மெட்ரோவில் நின்றுகொண்டே வருவார், இறங்குகிறவர்களின் நடையைப் பார்த்துக்கொண்டே.

இனிமேல் எழுதவேண்டியது என்னைப் பற்றி. இதுவரை எழுதியதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான் என்றும் சொல்லலாம்.

என் கை வலிக்கு மூன்று வருடம் முன்னால் அம்மாவுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்திருந்தார்கள். அதில் புற்றுநோய்க் கட்டி. அம்மாவுக்கு அது தெரியாது. "அந்தப் பேரக் கேட்டாலே அம்மா பாதி உசுர விட்டுடுவா. சொல்ல வேணாம்," என்றான் அண்ணன். நானும் சரி என்றேன். டாக்டரும் உங்கள் இஷ்டம் என்றுவிட்டார். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டிலும் இந்த வியாதியைப் படுத்திருப்பவரிடம் சொன்னதில்லை, வேறு விதமாகவும் செய்யலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. கல் என்று சொன்னோம். பெரிய கல், அடைத்துக்கொண்டு கிட்னியே கெட்டுப்போச்சு என்றோம்.

அம்மா உடனே, "கல்லக் காட்டு," என்றாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் எடுத்த கல்லைப் பாட்டிலில் போட்டு வீட்டில் வைத்திருக்கிறார்களாம். அண்ணன் கீழே போய் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக் கழுவி, மாத்திரை டப்பியில் பஞ்சு வைத்து எடுத்துவந்தான். அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் அண்ணனும் காரிடாருக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. அம்மா அந்த டப்பியைச் சாமி அலமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவாள்.

வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'கல் திரும்ப வந்திருக்கான்னு பாக்க' என்று சொல்லி இரண்டு வருடம் அழைத்துப்போனேன். மூன்றாவது வருடம் ஆபீசில் பெரிய சாஃப்ட்வேர் ரிலீஸ். அடுத்த வருடமும் போகவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்று தள்ளினேன். எடுத்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அண்ணனுக்கு மட்டும் சொல்லிவைத்தேன்.

என் கை சரியாகி ஒரு வருடத்துக்குள் அம்மாவுக்கு வலது காலில் வலி வந்தது. இடுப்பிலிருந்து தொடைவரை. நரம்பு இழுக்கிறது என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டு அவரிடம் போனோம். "என்ன அனுப்புன மாதிரி இன்னிக்கு உன்ன அனுப்புவா பாரு," என்று அம்மா வழியெல்லாம் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தாள். அப்படியே நடந்தது. நான் நீல நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம் இருக்கும். கதவு பாதி திறந்தது. அவர் கையில் அந்த டப்பி. அம்மா அதைக் கைப்பையில் போட்டு எடுத்துவந்திருப்பது எனக்குத் தெரியாது. அவர் தோளுக்குப் பின்னால், மேசைமேல் படுத்திருந்த அம்மாவின் இரண்டு பாதங்களும் தெரிந்தன.

"ஒரு நிமிஷம்," என்றார். "அம்மாவுக்கு கிட்னி எடுத்தது இந்தக் கல்லுக்குத்தானா?"

எத்தனையோ பேரை அந்த நாற்காலிகளில் உட்காரவைத்தவர். கூட வந்தவரிடம் பதில் வேண்டும் என்று அவர் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஆமா. கல்லுதான்."

"ரிப்போர்ட்ல வேற ஏதாவது எழுதியிருந்தாங்களா?"

"இல்லையே."

"நாந்தான் சொன்னனே மேடம்," என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "சரி," என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவரை மாடிப்படி வரை வரச்சொல்லி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அவர் நம்பர் என் போனில் இருந்தது. வீட்டுக்கு வந்து நாலு வரி அனுப்பியிருக்கலாம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்தும் அதையேதான் நினைத்தேன்.

இரண்டு முறை அம்மாவுக்கு மிக மெதுவாகத்தான் அழுத்திவிட்டார். இரண்டாவது முறை முடிந்ததும் அம்மாவைச் செருப்பு மாட்டச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "இது நான் நெனச்ச மாதிரி போகல. எப்ப வலிக்காம இருக்குன்னு கேட்டேன். அப்படி ஒரு நேரமே இல்லன்றாங்க. படுத்தாலும் வலி. அது எனக்குப் பிடிக்கல. அடுத்த தடவ வர்றதுக்குள்ள இடுப்புக்கும் தொடைக்கும் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது.  ஸ்கேன் எடுத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் வேறு. இரண்டு வருடம் நான் அழைத்துப்போகவில்லை என்பது அண்ணனுக்குத் தெரிந்துவிடும். அம்மாவின் உயிர் பெரிதா, அண்ணனிடம் என் நல்ல பெயர் பெரிதா என்று யாராவது கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். ஆனால் நான் காப்பாற்றியது என்னவோ என் நல்ல பெயரைத்தான். அந்த வாரம் ஸ்கேன் எடுக்கவில்லை.

எடுக்காமலேயே மூன்றாவது முறை போய் நின்றோம். வேலை அதிகம் என்றேன். அவர் ஊற்றி வைத்திருந்த வெந்நீர் டம்ளரைக் கையில் எடுக்கவே இல்லை. அன்று அம்மாவைத் தொடவும் இல்லை. உட்காரவைத்து, ஒரு கைத்தடியைக் கொடுத்து, வலது காலில் பாரம் போடாமல் எழுந்திருக்கவும் திரும்பவும் சொல்லிக்கொடுத்தார். அம்மாவுக்குச் சிரிப்பு. "என்ன கெழவியாக்கிட்டியே," என்றாள். போகும்போது என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "நாளைக்குக் காலைல எடுங்க. வேலைக்கு லீவு போடுங்க. எடுத்துட்டு எனக்கு போன் பண்ணுங்க."

மறுநாள் காலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அம்மா திரும்பினாள். நின்றபடியே தொடை எலும்பு உடைந்தது. அதற்கப்புறம்தான் விழுந்தாள். நான் அப்போது லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, லீவு போடலாமா அரை நாள் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பை உள்ளுக்குள் நோய் அரித்திருக்கிறது, எந்த நிமிடமும் உடைந்திருக்கும் என்றார். முன்னால் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். கிட்னி, கட்டி, தவறவிட்ட ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவரிடம் இங்கிலீஷில் கொட்டினேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணன் மத்தியானம் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான். டாக்டர் சொன்னதை அம்மா காதில் விழாமல் அவனிடம் சொன்னேன், ஸ்கேன் விஷயத்தை விட்டுவிட்டு. அவனுக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. "நேத்து அங்க போயிருக்கீங்க. இன்னிக்கு கால் ஒடஞ்சிருக்கு. அப்ப என்ன அர்த்தம்?"

"அவ நேத்து என்னத் தொடவே இல்லடா," என்றாள் அம்மா கட்டிலில் இருந்து. வலிக்குப் போட்ட ஊசியில் குரல் குழறியது.

"நீ சும்மா இரும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் என்னைப் பார்த்தான். நான் டிரிப் பாட்டிலைப் பார்த்தேன். அவன் அவர்மேல் கோபமாக இருக்கும்வரை என்னிடம் எதையும் கேட்க மாட்டான் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மறுநாள் அவரே வந்தார். நான் போன் பண்ணாததால் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார், செக்யூரிட்டி சொல்லித் தெரிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். கையில் சாத்துக்குடிப் பை. வார்டு வாசலிலேயே அண்ணன் மறித்தான். "கால ஒடச்சிட்டுப் பழம் வேற வாங்கினு வந்தீங்களா?" என்று கத்தினான். நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அவனைத் தாண்டி என் பக்கம் திரும்பினார்.

என்னிடம், "ஸ்கேன்ல என்ன வந்துச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். பழைய கட்டி பரவியிருக்கிறது என்றேன். 'பழைய' என்ற வார்த்தையை வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் சாத்துக்குடிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. எல்லோரிடமும் வலியைப் பற்றிக் கேட்கும்போது இருக்கும் அதே குரல்.

அண்ணன் பக்கத்தில் நின்றான். ஆமாம் என்றால் அடுத்து, நான் எடுக்காமல் விட்ட ஸ்கேன்களைப் பற்றிப் பேச்சு வரும். ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவருடைய பெயர் மிஞ்சியிருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சாத்துக்குடிப் பையை என் காலடியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அன்று சாயங்காலம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லி அண்ணன் வாசகம் சொன்னான். அவன் அந்த குரூப்பில் இல்லை, நான் இருந்தேன். அதனால் டைப் செய்தது நான்தான். அம்மாவை இன்னாரிடம் கால் வலிக்கு அழைத்துப்போனோம், அடுத்த நாளே தொடை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எல்லோரும் யோசித்துப் போகவும். இன்னார் என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் இல்லாமலேயே அப்படி எழுத முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஐயோ பாவம் என்று ஐம்பது பேர் பதில் போட்டார்கள். அது பக்கத்து அபார்ட்மென்ட்களுக்கும் போயிற்று. அடுத்த மாதம் அந்த வழியாகப் போனபோது பலகை இல்லை. மாடிப்படியில் வேறு யாருடைய ட்யூஷன் விளம்பரமோ ஒட்டியிருந்தது.

அம்மாவின் காலில் கம்பி வைத்தார்கள். அதற்கடுத்த நாள் ரவுண்ட்ஸ் வந்த இளம் டாக்டர், பேசுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு சொல்லலாம் என்று பார்வையாலேயே கேட்டார். அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"அவள ஏன் சாமி பாக்கற? கால் என்னுது. என்கிட்ட சொல்லு," என்றாள்.

அவர் சொன்னார், கிட்னியிலிருந்து எல்லாவற்றையும். நாங்கள் பயந்தபடி அம்மாவுக்குப் பாதி உயிர் போகவில்லை. எத்தனை நாள் என்று கேட்டாள், வலிக்காமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். எங்கள் இருவரிடமும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தக் கல்ல எங்கடி பொறுக்கினீங்க?" என்றாள். தோட்டத்தில் என்றேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு கேட்டப்பவும் கல்லுன்னுதான சொன்ன?" என்றாள்.

"ஆமாம்மா."

"அவ மேல ஒரு தப்பும் இல்லன்னு போய்ச் சொல்லு பாப்பா. உங்கண்ணன் கத்துனது எனக்கு உள்ள வரைக்கும் கேட்டுச்சு. மொதல்ல அதச் செய்யி."

சரி என்றேன். குரூப்பில் நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. அவரைத் தேடிப்போய் எதைச் சொல்வது, அதையும் சேர்த்துச் சொல்வதா என்று குழம்பினேன். அவர் நம்பருக்கு நாலைந்து தடவை செய்தி எழுதி எழுதி அழித்தேன். ஜோகுபாளையம்வரை ஒருநாள் போய்விட்டு, எந்தத் தெரு என்று தெரியாது என்ற சாக்கில் திரும்பிவந்தேன். விசாரித்திருந்தால் பத்து நிமிடத்தில் யாராவது காட்டியிருப்பார்கள்.

அம்மா அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். வீட்டுக்கு அழைத்துவந்த மறுவாரம், நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கேட்டாள்.

"அந்தப் பொண்ண போய்ப் பாத்தியா?"

"பாத்தேன்மா."

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல, அம்மாவ நல்லா பாத்துக்கோங்கன்னு சொன்னாங்க," என்றேன்.

"அவ அப்படித்தான் சொல்லுவா," என்று அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.